நாணயப் பொறிப்பும் வேற்றுமைப் பொருளும்

பண்டைய நாணயங்களை ஆராய்வதற்கெனத் தனி மையம் கொண்ட பல்கலைக்கழகங்கள் மிகச் சில. சிட்னியிலுள்ள மக்குவாரிப் பல்கலைக்கழகத்தின் ஆஸ்திரேலியப் பண்டைய நாணயவியல் ஆய்வு மையம் அவற்றுள் ஒன்று. கேல் குடும்பத்தாரின் கொடையால் உருவான இம்மையத்தின் அடிப்படைச் செல்வம், தென் இத்தாலியில் குடியேறிய கிரேக்கர்தம் நகர நாணயங்களின் தொகுப்பாகும். அதன் விளக்கப்பட்டியல் 2008இல் கிரேக்க நாணயத் தொகை வரிசையின் ஆஸ்திரேலிய முதல் தொகுதியாக வெளிவந்தது. 1931இல் பிரிட்டனில் தொடங்கிய அவ்வரிசை, ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒளிப்படமும் சுருங்கிய குறிப்பும் தருவதை நெறியாகக் கொண்டது. நாணயவியலார்க்கு இது பெரும்பயன் விளைப்பது. எனினும் மொழியாய்வாளர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இவ்வமைப்பு போதுமா என்பது ஆராயத்தக்கது.

எழுத்தாய்வைப் பொறுத்தவரை ஒளிப்படமே முதன்மைச் சான்று. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் சிபாரிஸ் நகர நாணயத்தில் நகரப் பெயரின் முதலிரு எழுத்துகளே காணப்படும். அதிலுள்ள ஸகர எழுத்து, பிற்காலக் கிரேக்க மகரத்தை ஒத்த பழைய வடிவம். பொசைதோனியா நாணயத்திலும் அவ்வடிவமே உண்டு. குரோத்தோன் நகரத்தின் தொடக்கக்கால நாணயங்களில் ககரத்துக்குக் ‘கொப்பா’ என்னும் பழைய எழுத்து வழங்கியது. இவற்றைப் பொதுக் கிரேக்க எழுத்தாக மாற்றி அச்சிட்டால் குடியேறியோர் கொண்டுவந்த வட்டார எழுத்துமரபு மறைந்துவிடும்.

இலக்கணத்தில் இடர் இன்னும் மிகுதி. கிரேக்க நாணயப் பொறிப்புகளில் பல ஆறாம் வேற்றுமையில் நிற்பவை. ‘சிராக்கூசரின்’ என்ற பொருள்தரும் ஒரு சொல் மட்டுமே இருக்கும். அது கொண்டு முடியும் பெயர் இராது. பட்டியலாளர் அவ்விடத்தில் ‘நாணயம்’ என்று இயல்பாகவே வருவித்துக்கொள்கின்றனர். ஆனால் முழுத்தொடராய் அமைந்த அரிய பொறிப்புகள் வேறு செய்தி கூறுகின்றன. ஆசியா மைனரின் பழம்பொன்கலவை நாணயம் ஒன்று ‘நான் ஃபானெஸின் சின்னம்’ எனப் பொதுவாகப் படிக்கப்படுகிறது. கிரீட் தீவின் கொர்த்தின் நகர நாணயம் ‘அடிப்பு’ என்னும் பொருளுடைய சொல்லைக் கொண்டுள்ளது. திரேசிய மன்னன் ஸெயுத்தெஸின் நாணயங்களுள் ஒருவகை ‘வெள்ளி’ என்றும், மற்றொருவகை ‘அடிப்பு’ என்றும் கூறும். எனவே எஞ்சிநின்ற பெயர் சின்னமா, அடிப்பா, வெள்ளியா என்பது துணியப்படாத ஒன்று. துணிந்ததுபோல் மொழிபெயர்ப்பது பொறிப்பில் இல்லாததைச் சேர்ப்பதாகும்.

தமிழில் பெயர்ப்போர்க்கு இவ்விடத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. ‘சிராக்கூசரது’ என்னும் சொல் ஆறன் உருபேற்றதாகவும் குறிப்புமுற்றாகவும் நிற்கவல்லது. அஃறிணை ஒருமை என்ற அளவே அது உணர்த்தும். பொருள் இன்னதென்று வரையறுக்காது. மூலத்தின் எச்சநிலையை இவ்வளவு சிக்கனமாகக் காக்கும் வடிவம் கையிருக்க, ‘நாணயம்’ என்று விரித்தெழுதல் வேண்டாததாம்.

இதே சிக்கலை நாணயம் அடித்தோரே எதிர்கொண்ட சான்று நம் நாட்டில் உண்டு. சாதவாகனரின் இருமொழி வெள்ளி நாணயங்களில் ஒருபுறம் பிராகிருதமும் மறுபுறம் திராவிட மொழியும் உள்ளன. பின்னதைத் தமிழ் என்பாரும் வேறொரு திராவிட வழக்கு என்பாரும் உளர். ‘ஸிரி’ என்பதற்குத் ‘திரு’வும், ‘புத’ என்பதற்கு ‘மக’னும் நேராகின்றன. பிராகிருதத்தின் ‘ஸ’ என்னும் ஆறன் உருபுக்கு நேராக வருவதோ ‘கு’. உயர்திணைத் தொகையில் ‘அது’ கெட்டுக் ‘கு’ வரும் என்பது தொல்காப்பிய விதி. ஆயினும் இங்கு உடைமைப்பொருள் அஃறிணையாதலின் அவ்விதி நேரே பொருந்தாது. பிராகிருதத்தில் நான்காம் வேற்றுமைப் பொருளையும் ஆறாவதே பெரும்பாலும் ஏற்றமையால், மொழிபெயர்த்தவன் அதனை ‘மன்னனுக்கு’ எனக் கொண்டிருத்தல் கூடும். இருபுறத்துக்கும் ‘இன்ன மன்னனின் நாணயம்’ என ஒரே பெயர்ப்பைத் தந்தால் இவ்வினாவே எழாமற் போகும்.

நாணயத்தின் எடையைக் கிராமின் நூற்றிலொரு பங்குவரை குறிக்கும் ஆய்வுமுறை, வேற்றுமை உருபுக்கும் அத்தகைய நுண்மையை அளித்தல் வேண்டும். படித்த எழுத்து, வருவித்த எழுத்து, வேற்றுமை, எஞ்சிய சொல் ஆகிய நான்கையும் தனித்தனியே காட்டுதல் எளிதே. நாணய ஆய்வு மையங்கள் மொழியியலாரை இப்பணியில் உடன்சேர்த்துக்கொண்டால், பட்டியல்கள் வரலாற்றுக்கு மட்டுமன்றி இலக்கணத்துக்கும் சான்றாக நிலைபெறும்.