ஜம்ஜம்: ஊற்றும் கிணறும்

ஜம்ஜம் குறித்துத் தமிழில் வெளிவரும் நூல்களும் சொற்பொழிவுகளும் பெரும்பாலும் இரு செய்திகளோடு நின்றுவிடுகின்றன. ஒன்று, அன்னை ஹாஜரா (அலை) அவர்களின் தவிப்பு. மற்றொன்று, அந்நீரின் பரக்கத். இரண்டும் நம் ஈமானோடு கலந்தவையே. ஆயினும் இவற்றுக்கிடையே அக்கிணற்றைக் காத்து நின்ற மனித உழைப்பை நம் எழுத்தாளர்கள் மறந்துவிட்டனர். ஊற்று இறையருள், கிணறோ அவ்வருளைப் பேணியவர்களின் கைவேலை அன்றோ?

ஜுர்ஹும் கூட்டத்தார் காலத்தில் தூர்ந்து மறைந்த கிணற்றை மீண்டும் தோண்டியவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பாட்டனார் அப்துல் முத்தலிப். ஹாஜிகளுக்கு நீர் வழங்கும் 'சிகாயா' பணி அவர் வழியினர்க்கே உரியதாயிற்று. பின்னர் அப்பாஸிய கலீபா மன்ஸூர் (ஆட்சி 754–775) அங்கே சலவைக்கல் பதித்தார். 1183இல் மக்கா சென்ற இப்னு ஜுபைர், ஹஜருல் அஸ்வதுக்கு எதிரே குவிமாடத்தின் கீழ்க் கிணறு அமைந்திருந்ததையும், உள்ளே வெண் சலவைக்கல் தளம் இருந்ததையும் பதிவு செய்துள்ளார்.

இவற்றினும் நம் சிந்தனைக்குரியது, மக்காவின் பழைய வரலாற்றாசிரியர் அஸ்ரகீ தரும் செய்தி. ஹிஜ்ரி 223, 224ஆம் ஆண்டுகளில் ஜம்ஜம் வற்றும் நிலையை எட்டியது. அப்போது மக்கள் கிணற்றுக்குள் இறங்கி மேலும் ஆழப்படுத்தினர். அடுத்த ஆண்டு மழையும் பெய்தது. துஆவும் கடப்பாரையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இன்றைய அளவீட்டின்படி கிணற்றின் ஆழம் ஏறத்தாழ 30 மீட்டர். மேற்பகுதி ஏறத்தாழ 13 மீட்டர் இப்ராஹீம் பள்ளத்தாக்கின் வண்டல் படிவு. அதன் கீழே ஏறத்தாழ 17 மீட்டர் பாறை. இரண்டும் கூடுமிடத்திலேதான் நீர் பெரிதும் ஊறுகிறது.

தவாஃபுக்கு இடம் போதாமையால் கடந்த நூற்றாண்டின் நடுவில் மேற்கட்டடம் அகற்றப்பட்டு, கிணற்றின் வாய் தளத்தின் கீழே கொண்டு செல்லப்பட்டது. பிற்காலத்தில் அங்கு இறங்கும் படிகளும் மூடப்பட்டன. இலட்சக்கணக்கானோர் வலம்வரும் இடத்தில் இது தவிர்க்க இயலாததே, குறை கூறுவதற்கில்லை. எனினும் விளைவைக் கருத வேண்டும். இன்றைய ஹாஜி காண்பது குழாயும் குவளையுமே; அவர் கிணற்றைக் காண்பதில்லை.

கண்ணுக்கு மறைந்ததை எழுத்து காட்ட வேண்டும். நம் ஹஜ் வழிகாட்டி நூல்கள் கிணற்றின் அமைப்பை விளக்கும் ஒரு படத்தையும், அதைத் தோண்டித் தூர்வாரியவர்களின் வரலாற்றையும் இரண்டு பக்கமேனும் தரலாகாதா? ஹஜ்ஜிலிருந்து வந்த நீரை நம் வீடுகளில் கிப்லாவை நோக்கி நின்று பிள்ளைகளுக்குப் பருகத் தருகிறோம். அந்த நீரைக் காக்க ஒரு தலைமுறை பாறையைக் குடைந்தது என்பதையும் அவர்கள் அறிந்தால், தம் ஊர்ப் பள்ளிவாசலின் ஹவுளையும் ஊருணியையும் பேணுவது யார் கடமை என்பதை நாம் தனியே சொல்லித்தர வேண்டியிராது.