பொய் அறியும் கருவியும் எங்கள் சிரிப்பும்

நடுச்சாமம் கடந்து கோப்பை கழுவி முடித்து வந்து படுக்கிற நாங்கள், காலை 9.25க்கு எழும்பி ஐ.ரி.வியில் ஜெரமி கைல் நிகழ்ச்சி பார்த்தோம். ஆங்கிலம் பழகுகிறோம் என்பது எங்கள் சாட்டு.

2005 யூலையில் தொடங்கிய நிகழ்ச்சி அது. பிள்ளைக்குத் தகப்பன் யார், களவெடுத்தது யார், துரோகம் செய்தது யார்? மரபணுச் சோதனை முடிவும் பொய் அறியும் கருவியின் முடிவும் மேடையிலேயே வாசிக்கப்படும். வந்தவர்களில் பெரும்பாலானோர் வசதியற்ற சனங்கள். கைல் அதட்டுவார், சபை கைதட்டும்.

2007இல் மான்செஸ்ரர் நீதிபதி ஒருவர் இதனை, கரடியைக் கட்டிவைத்து நாய்களை ஏவும் பழைய விளையாட்டின் மனித வடிவம் என்று கண்டித்தார். அதற்குப் பிறகும் 12 வருடங்கள் ஓடியது. பார்க்க ஆட்கள் இருந்தார்கள். நாங்களும் இருந்தோம்.

2019 மேயில், கருவி 'பொய்' என்று காட்டிய ஒருவர் படப்பிடிப்பு முடிந்த சில நாட்களில் இறந்தார். நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. கருவி எத்தனை வீதம் சரி என்று பாராளுமன்றக் குழு கேட்டபோது தயாரிப்பாளர்களால் சொல்ல முடியவில்லை. அந்தச் சாவுக்கும் நிகழ்ச்சிக்கும் தெளிவான காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை என 2024இல் மரண விசாரணை முடிந்தது.

எங்களுக்கு முடியவில்லை. அகதி விசாரணையில் ஒரு திகதியை மாறிச் சொன்னதற்காக 'நம்பத்தகாதவர்' என்று எழுதப்பட்டவர்கள் நாங்கள். தடுமாறுகிறவர்கள் எல்லாம் பொய்யர்கள் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் சிரித்தோம். இந்த நிகழ்ச்சி மீதான எங்கள் விமர்சனம் அந்தச் சிரிப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.