பெரியம்மாவுக்குப் பூஜ்யம் மதிப்பெண்

சிறுநீர்க் கசிவை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. ஐசிஐக்யூ குறும்படிவம் என்பார்கள். கடந்த நான்கு வாரத்தில் எத்தனை முறை கசிந்தது, எவ்வளவு கசிந்தது, அந்தக் கசிவு அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று மூன்று கேள்விகள். மொத்தம் 21 மதிப்பெண். குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் 31 வருஷம் கொழுந்து பறித்த என் பெரியம்மாவிடம் இதைத் தமிழில் கேட்டுப் பார்த்தேன். (நான் டாக்டர் இல்லை, வெறும் பி.ஈ.)

பூஜ்யம். "அதான் ஒழுகலையே தம்பி" என்றார்.

ஆனால் காலையில் ஒரு டம்ளர் டீ குடித்தால் மதியம் மூணு மணி வரை பச்சைத் தண்ணீர் தொடமாட்டார். மலையில் வேலை செய்த காலத்துப் பழக்கம். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிநீரும், தொழிலாளர்கள் எளிதில் போய்வரக்கூடிய இடத்தில் கழிப்பறையும் வேண்டும் என்றது. அவர் பறித்த காட்டிலோ தேயிலைச் செடி மறைவுதான், கூடவே அட்டை. குளிரில் சிறுநீர் வேறு அதிகம் சுரக்கும். அதனால் தண்ணீரையே நிறுத்திக்கொண்டார். இன்புட்டையே நிறுத்திவிட்டு, புரோகிராமில் பிழையே இல்லை என்று ரிப்போர்ட் கொடுப்பது மாதிரி இருக்கிறது இந்தப் பூஜ்யம்.

படிவத்தை முழுசாகக் குறை சொல்ல முடியாது. கடைசியில் மதிப்பெண் இல்லாத ஒரு கேள்வி வருகிறது: எப்போது கசிகிறது? இருமும்போதா, கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள்ளா? சிகிச்சையே இந்தப் பதிலைப் பொறுத்துத்தான். முதலாவதற்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, குறைந்தது மூன்று மாதம். இரண்டாவதற்குச் சிறுநீர்ப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போடப் பழக்குவது, ஆறு வாரமாவது. டீயையும் குறைக்கச் சொல்வார்கள். இதைக் கொழுந்து பறித்தவரிடம் யார் போய்ச் சொல்வது!

என்னைக் கேட்டால் இந்தப் படிவத்தைத் தனியாகக் கொடுக்கவே கூடாது. குடித்தது, போனது இரண்டையும் எழுதும் மூன்று நாள் குறிப்பேடும் சேர வேண்டும். பெரியம்மாவுக்கு எழுத வராது. டம்ளரை அவர் எண்ண, நான் எழுதினேன். மூணு மணிக்கு மேல்தான் அத்தனை தண்ணீரும். ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறார். இதைப் பிடிக்க அந்த மூன்று கேள்விகளில் இடமே இல்லை.

நானாக ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டேன்: ஒழுகக் கூடாதுன்னு எதையெல்லாம் விட்டீங்க? தண்ணீர், கோயமுத்தூர் பஸ், தங்கை மகள் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டே போனார்.

நாலு தடவைக்குத் தண்ணீர் மட்டும்தான் காரணம் என்று நானே முடிவுகட்ட முடியாது. சர்க்கரையும் சிறுநீர்த் தொற்றும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை கூட்டிப்போகிறேன். போகிற வழியில் எங்கே பஸ்ஸை நிறுத்தலாம் என்று இப்போதே கேட்டு வைத்திருக்கிறார்.