பத்தியமும் பருவும்

திருநெல்வேலிப் பக்கம் முகப்பருவுக்கு வைத்தியம் சொல்லாத ஆள் கிடையாது. சங்கை உரசிப் போடு, ஜாதிக்காயை இழைத்துத் தடவு, திருநீற்றுப்பச்சிலைச் சாறு பூசு என்று ஆரம்பிப்பார்கள். அதற்கும் அடங்காமல், இருபத்தைந்து வயதைத் தாண்டியும் தாடையோரம் பரு கிளம்பிக்கொண்டே இருந்தால் பேச்சு மாறும். கோளாறு முகத்தில் இல்லை, உடம்புச் சூட்டிலும் வயிற்றிலும் இருக்கிறது. சாப்பாடு, தூக்கம், குளியல், மனசு எல்லாவற்றையும் மாற்று என்பார்கள். பூச்சு பலிக்காவிட்டால் நாலு நாளில் விட்டுவிடலாம். இந்த இரண்டாவது யோசனை ஒருவருடைய அன்றாடத்தையே கேட்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் கறாராகத்தான் எடைபோட வேண்டும்.

இந்த வட்டாரத்தில் அதற்கு வேர் ஆழம். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது; சித்த வைத்தியத்தில் மருந்தோடு பத்தியமும் சேர்ந்தே வரும். மேற்கே, கடனாநதிப் பக்கம் சிவசைலத்து நல்வாழ்வு ஆசிரமம் இன்னும் ஒரு படி மேலே போய் அடுப்பையே அணைக்கச் சொல்கிறது. அங்கே தேங்காயும் பழமும்தான் பிரதான உணவு. உடம்பில் தேங்கிய கழிவு தோல் வழியாக வெளியேறுவதே பரு என்பது இயற்கை மருத்துவர்கள் பொதுவாகத் தரும் விளக்கம்.

விளக்கம் தவறு. ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் தூண்ட, தோலின் எண்ணெய்ச் சுரப்பி அதிகமாகச் சுரக்கிறது. மயிர்க்காலின் வாயை இறந்த செல்கள் அடைக்கின்றன. உள்ளே க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா பெருக, அந்த இடம் சிவந்து வீங்குகிறது. குடலில் தேங்கிய எதுவும் அந்த வழியாக வெளியே வருவதில்லை. ஆனால் விளக்கம் தவறு என்பதாலேயே பழக்கமும் தவறாகிவிடாது. அடுப்பை அணைத்தால் முதலில் என்னென்ன போகும்? வெள்ளைச் சோறு, இனிப்புப் பலகாரம், பால் காப்பி. தோல் ஆய்வாளர்கள் சந்தேகப்படுவதும் ஏறக்குறைய இவற்றைத்தான். ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவு இன்சுலினையும் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியையும் கூட்டுகிறது. இரண்டும் அந்தச் சுரப்பியை முடுக்கிவிடுகின்றன.

லோரன் கார்டெய்ன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், பப்புவா நியூகினியின் கிட்டாவா தீவில் 1,200 பேரைப் பரிசோதித்ததில் ஒருவருக்குக்கூடப் பரு இல்லை. அவர்கள் சாப்பாடு கிழங்கு, பழம், மீன், தேங்காய். சிவசைலத்துக்காரர்கள் படித்தால் துள்ளிக் குதிப்பார்கள். ஆனால் ஒரு தீவின் பரம்பரைக் கூறும், வெயிலும், வேலையும் எல்லாம் கலந்த கணக்கு அது. 2007-இல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களை இரண்டு குழுவாகப் பிரித்து 12 வாரம் பார்த்த சோதனைதான் கொஞ்சம் உறுதியானது. சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவு தின்ற குழுவுக்குப் பரு அதிகமாகக் குறைந்தது. அவர்கள் எடையும் குறைந்ததால், பலன் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்னொன்று, வழக்கமான சாப்பாடே சாப்பிட்ட மற்றக் குழுவுக்கும் பரு குறைந்திருந்தது. பரு தானாகவே ஏறும், இறங்கும். ஏறி நிற்கும்போதுதான் ஆட்கள் வைத்தியம் தேடுகிறார்கள், இறங்கும்போது கையில் எது இருக்கிறதோ அதற்குப் பேர் கிடைக்கிறது. உணவு மாற்றத்தைப் பரிந்துரைக்கவோ மறுக்கவோ போதிய சான்று இல்லை என்றுதான் அமெரிக்கத் தோல் மருத்துவ அகாதெமி 2024 வழிகாட்டியில் எழுதியிருக்கிறது.

நம் வீட்டுப் பத்தியத்தின் பெரிய கோளாறு அது எதை விலக்குகிறது என்பதில் இருக்கிறது. கத்தரிக்காயும் கருவாடும் தோல் நோயைக் கிளப்பும் கரப்பான் பண்டம், தொடக்கூடாது. கோழி சூடு, மாம்பழம் சூடு. சரி, சூட்டைத் தணிக்க என்ன? ராத்திரி ஒரு டம்ளர் பால், வெயிலுக்கு நன்னாரி சர்பத். பருவோடு தொடர்பு இருக்கலாம் என்று கணக்கெடுப்புகள் காட்டிய பாலும், ஆய்வாளர்கள் சந்தேகப்படும் சர்க்கரையும் மருந்தாக உள்ளே வருகின்றன. ஒரு பாவமும் அறியாத கத்தரிக்காய் வெளியே நிற்கிறது. திருநெல்வேலி டவுனில் வாங்கிய அல்வா ‘நெய்ப் பண்டம், குளிர்ச்சி’ என்ற சலுகையில் தப்பித்துக்கொள்வதும் உண்டு.

எண்ணெய்க் குளியலும் அப்படித்தான். குற்றாலத்தில் முன்பெல்லாம் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றதன் சுகத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் தலையில் பூசும் எண்ணெய்ப்பூச்சுகள் வழிந்து நெற்றியோரம் பரு கிளம்புவதைத் தோல் மருத்துவர் கிளிக்மனும் கூட்டாளிகளும் 1970-லேயே எழுதிவிட்டார்கள். வறண்ட தோலுக்கு இதமானது, ஏற்கெனவே எண்ணெய் வழியும் முகத்துக்கு அடைப்பு.

தூக்கமும் மனசும் பற்றிச் சொல்வதில் உண்மை உண்டு. 2003-இல் ஸ்டான்ஃபோர்டில் 22 மாணவர்களைப் பார்த்ததில், தேர்வு நெருக்கடி கூடியவர்களுக்குப் பருவும் கூடியது. பாளையங்கோட்டை விடுதிகளில் பிளஸ் டூ பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் இந்த அறிவுரையை யாரிடம் சொல்கிறோம்? முக்கூடலில் நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றும் பெண்ணிடம் எட்டு மணி நேரம் தூங்கு, ரேஷன் அரிசியை விட்டுவிட்டுச் சிறுதானியம் வாங்கு என்றால், அவள் கேட்பாள், செய்ய மாட்டாள். செய்யாததால் குற்றமும் அவள் தலையில் விழும். “வாயைக் கட்டத் தெரியல, பிறவு எப்படிப் பரு போவும்?” என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். தாடையோரப் பருவோடு மாதவிலக்கும் தள்ளிப்போகிறது என்றால் சினைப்பையில் நீர்க்கட்டிகளோடு வரும் ஹார்மோன் கோளாறு இருக்கலாம் என்பது அந்தப் பேச்சில் அடிபட்டுப் போகிறது. இந்த முறையில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்: பலித்தால் பத்தியத்தின் பெருமை, பலிக்காவிட்டால் நோயாளியின் ஒழுக்கக்கேடு. முறை தோற்பதற்கு வழியே இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அதற்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு க்ரீமிலிருந்து பலரை அது காப்பாற்றியிருக்கிறது. இரண்டே நாளில் முகம் பளபளக்கும். மாதங்கள் போனால் தோல் மெலிந்து, சிவந்து, நிறுத்தினால் முன்னைவிட மோசமாகப் பரு வெடிக்கும். 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டுக்குள் கொண்டுவந்த பிறகும் இந்தப் பழக்கம் ஒழியவில்லை. அதோடு ஒப்பிட்டால் பாசிப்பயறும் கஸ்தூரி மஞ்சளும் கலந்த நலுங்குமாவு எவ்வளவோ மேல்.

ஆனால் கல் மாதிரி கட்டி விழுகிறது, தழும்பு பதிகிறது என்றால் பத்தியத்துக்குத் தவணை கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. விழுந்த பள்ளத்தை எந்தச் சாப்பாடும் நிரப்பாது. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் தோல் மருத்துவரைப் பார்த்துக்கொண்டே சாப்பாட்டையும் மாற்றலாம். மாற்றும்போது எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றாமல் முதலில் இனிப்பு, மூன்று மாதம் கழித்துப் பால் என்று போனால், எது கேட்டது என்றாவது தெரியும். பாளையங்கோட்டை சித்தக் கல்லூரிக்கு வரும் புறநோயாளிகளிடம் இதைச் செய்துபார்க்க வசதி இருக்கிறது: ஒரே மருந்து, ஒரு குழுவுக்குப் பால் உண்டு, இன்னொன்றுக்கு இல்லை, 12 வாரம், பருவை எண்ணுகிறவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியாமல். கத்தரிக்காய்க்கும் அதே சோதனையை வைக்கலாம்.