குறையோடு வந்த முதல் நாவல்

ஆகஸ்டு 29-ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேறுவதற்கு முன்பே, காவிரிப் படுகையின் சாலைகளில் காவியுடைத் திருப்பயணிகள் நடக்கத் தொடங்கிவிடுகின்றனர். ஆண்டுதோறும் அவ்வாறு நடந்து செல்லும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் பயண அனுபவங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். இதழுக்குத் தரும்படி நாம் கேட்கும்போதெல்லாம், "நடை இன்னும் சரியாக அமையவில்லை, ஐயா" என்பதே அவரது மறுமொழி. அதனை நாம் தாழ்ச்சி என்றே எண்ணியிருந்தோம். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை அண்மையில் மீண்டும் படித்தபோது அவ்வெண்ணம் ஆட்டம் கண்டது.

1879-இல் வெளிவந்த இந்நூல் தமிழின் முதல் நாவல்; இயற்றியவர் கத்தோலிக்கப் பொதுநிலையினர். இவ்விரண்டையும் மேடைதோறும் பெருமையோடு சொல்கிறோம். நூலைப் படித்தவர் நம்மில் சிலரே. படித்தாலோ குறைகள் உடனே தென்படும். கதைக்குள் கதை புகுந்து முதற்கதையை மறக்கடிக்கிறது. ஞானாம்பாள் மாசுமறுவற்றவள், ஆணுடையில் அவள் விக்கிரமபுரியை ஆளும் பகுதி பாட்டி சொல்லும் கதையைப் போன்றது. பாத்திரங்கள் பேசுவதைவிடச் சொற்பொழிவாற்றுவதே மிகுதி. ஆயினும் நீதிமன்றங்களில் தமிழ் ஒலிக்க வேண்டும் என வாதிடும் பக்கங்களில், முன்சீப்பாக அமர்ந்து ஏழை வழக்காளியின் திகைப்பை நேரில் கண்டவரின் குரல் கேட்கிறது. நகைச்சுவையும் இன்றுவரை வாடவில்லை.

நம்மை வியக்கவைப்பது வேறொன்று. 1859-இலேயே 'நீதிநூல்' தந்த வேதநாயகருக்குச் செய்யுள் கைவந்த கலை. பழகிய அந்தத் துறையிலேயே நின்று புகழ்பெற்றிருக்கலாம். அவரோ, முன்மாதிரியாகத் தமிழில் ஒரு நாவல்கூட இல்லாத நிலையில், தாம் கற்றுக்குட்டியாகவே இருக்கக்கூடிய வடிவத்தை மேற்கொண்டார். எழுத எழுதக் குறைகள் நீங்கின என்றும் சொல்வதற்கில்லை. 1887-இல் வந்த 'சுகுண சுந்தரி' முதல் நூலைவிட மெலிந்ததே. அவருக்குக் கைகூடாத உயிருள்ள பாத்திரப் படைப்பு, 1893-இல் 'விவேக சிந்தாமணி'யில் தொடங்கிய ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திர'த்தில் கைகூடிற்று. அப்போது தமிழில் நாவல் என்னும் பாதை ஏற்கெனவே திறந்திருந்தது.

கவனமின்மைக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. மாதந்தோறும் சந்திப்பிழைகளோடு மல்லுக்கட்டும் நமக்கு அது இயலவும் இயலாது. ஆனால் தாலந்து உவமையில் வரும் மூன்றாம் ஊழியனை நினைத்துப் பாருங்கள். தலைவருக்கு அஞ்சி அவன் புதைத்து வைத்த தாலந்து, சிறிதும் குறையாமல், முழுமையாகவே திரும்பி வந்தது. கடிந்துகொள்ளப்பட்டவனும் அவனே. நம் இல்லங்களில் எத்தனை நோட்டுகள் அவ்வாறு பழுதின்றிப் புதைந்து கிடக்கின்றனவோ!

ஆசிரியரிடமிருந்து முதல் பத்துப் பக்கங்களை ஒருவழியாக வாங்கி வந்துவிட்டோம். கீழ்வேளூர் அருகே ஒரு திண்ணையில் மழைக்கு ஒதுங்கிய இரவைப் பற்றியவை அவை. சில வரிகளில் மை கலைந்திருக்கிறது. ஒரு பத்தி பாதியில் நிற்கிறது. அடுத்த இதழில் அச்சேறும்.