பட்டியலில் இல்லாத பொருள்

பெண்கள் பத்திரிகைகளின் கைவேலைப் பக்கம் சமையல் குறிப்பைப் போலவே எழுதப்படுகிறது. செலவில்லாமல் குழந்தைக்குப் பரிசு என்ற பாணியில் ஒரு தலைப்பு. அதன் கீழே தேவையான பொருட்கள்: பழைய பருத்திப் புடவை, தலையணைப் பஞ்சு, ஊசி, நூல், பொத்தான். பிறகு செய்முறை. கடைசியில் பொம்மையை அணைத்தபடி சிரிக்கும் குழந்தையின் படம். இந்தப் பக்கங்களை வரிசையாக வைத்துப் படித்தால் ஒன்று தெரியும். பட்டியலில் ஊசி இருக்கிறது, நூல் இருக்கிறது. தைப்பவளின் நேரம் இல்லை.

ஒரு துணிப்பொம்மைக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய துணியைத் துவைத்துக் காயவைக்க வேண்டும். வடிவம் வரைந்து வெட்ட வேண்டும். உள்பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து ஓரம் தைத்து, திருப்பி, பஞ்சை அடைத்து, கழுத்து தொங்காமல் இறுக்கி, திறந்த இடத்தை மூடித் தைக்க வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு என்றால் பொத்தான் கண் கூடாது. பிய்த்து வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் அடைத்துவிடும். கண்ணையும் வாயையும் நூலால்தான் தைக்க வேண்டும். கழுத்தில் கட்டும் நாடா நீளமாக இருக்கக்கூடாது. இது வெறும் கைப்பழக்கம் இல்லை, அறிவு. இதே வேலையைத் தையற்கடையில் கொடுத்தால் கூலி கேட்பார்கள், நாமும் பேசாமல் கொடுப்போம். வீட்டுக்குள் நடக்கும்போது மட்டும் அது செலவில்லாததாகிவிடுகிறது.

2019ஆம் ஆண்டு இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுவேலை செய்த பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிட்டார்கள். அந்த வேலையைச் செய்த ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். பிள்ளைகளைக் கவனிக்கும் நேரம் இதில் சேராது, அது தனிக் கணக்கு. பொம்மை தைக்கும் நேரம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் தூக்கத்திலிருந்துதான் வரும்.

விளையாட்டுப் பொருளைப் பற்றி எழுதியவர்கள் பலரும் குழந்தையையும் பொருளையும் பார்த்திருக்கிறார்கள். பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் 1957இல் வந்த தன் நூலில் பொம்மைகளைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். கடைப் பொம்மைகள் பெரியவர்களின் உலகத்தைச் சுருக்கிக் குழந்தையின் கையில் கொடுக்கின்றன என்றும், பெண்குழந்தைக்கான பொம்மை அவளை இல்லத்தரசியாகவும் தாயாகவும் பழக்குகிறது என்றும் அவர் கண்டது கூர்மையானது. பிளாஸ்டிக்கை விமர்சித்து மரத்தைப் போற்றினார். ஆனால் வீட்டில் உட்கார்ந்து குழந்தைக்குப் பொம்மை செய்பவள் அந்தக் கட்டுரையில் எங்கும் இல்லை.

நம் இலக்கியத்துக்கும் இதே கேள்வியை வைக்கலாம். பெரும்பாணாற்றுப்படையில் குழந்தைகள் உருட்டும் சிறுதேரைப் பேசும் இடத்தில் தச்சரின் தொழிலும் கூடவே வந்துவிடுகிறது. சங்கப் பாடல்களில் பெண்பிள்ளைகள் கோரைப்புல்லில் செய்த பாவையும் உண்டு. அதைச் செய்ததற்குத் தொழில் என்ற பெயர் கிடைக்கவில்லை, விளையாட்டு என்ற பெயர்தான் கிடைத்தது. பிள்ளைத்தமிழில் இந்தப் பிரிவு இலக்கணமாகவே ஆகிவிட்டது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். சிற்றில் பருவத்தைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். சிறுமிகள் மணலில் வீடு கட்டுகிறார்கள். பாட்டுடைத் தலைவனாகிய சிறுவன் அதைக் காலால் சிதைக்க வருகிறான். சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். நூற்றாண்டுகளாக நாம் ரசித்துவந்தது அந்தக் காலின் குறும்பை. கட்டிய கைகளுக்கு அந்தப் பாட்டில் கெஞ்சும் வேலை மட்டுமே மிஞ்சியது.

இன்றும் செய்பவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் செய்பொருளின் மதிப்பு மாறுகிறது. தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், பழைய காகிதம் என்று குப்பையிலிருந்து பொம்மைகள் செய்து காட்டிய அரவிந்த் குப்தாவுக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தகுதியான விருது. தன் நூல்களையும் செய்முறைகளையும் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்தவர் அவர். அவர் செய்ததை நாம் அறிவியல் கல்வி என்கிறோம், சரியாகவே சொல்கிறோம். ஒரு தாயோ அங்கன்வாடிப் பணியாளரோ அதே டப்பா மூடியில் சக்கரமும் அதே காகிதத்தில் காற்றாடியும் செய்தால் அதற்கு என்ன பெயர் வைக்கிறோம்? ஓய்வுநேரக் கைவேலை. ஓய்வு என்ற சொல்லைக் கவனியுங்கள். அவளுக்கு இல்லாத ஒன்றின் பெயரால் அவள் வேலை அழைக்கப்படுகிறது.

கைவேலைப் பக்கங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. கையால் செய்தால்தான் அன்பு என்று அவை சொல்லாமல் சொல்கின்றன. பனியன் கம்பெனியில் ஷிப்டு முடிந்து இரவில் வீடு திரும்பும் பெண், பிள்ளையின் பிறந்தநாளுக்குச் சந்தையில் ஐம்பது ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் லாரி வாங்குகிறாள். அந்த ஐம்பது ரூபாயும் அவள் கை உழைத்த நேரம்தான். பகல் முழுக்கத் தைத்துவிட்டு வந்தவளிடம், இரவிலும் தைத்துத்தான் அன்பை நிரூபிக்க வேண்டும் என்று கேட்பது என்ன நியாயம்? எளிமை ஓர் அறமாகப் பேசப்படும்போது அதன் பாரம் யார் தலையில் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். நல்ல தாய்க்கு ஏற்கெனவே தேர்வுகள் போதும். வீட்டுத் தயாரிப்பு அவற்றில் இன்னொன்றாக வேண்டாம்.

அதற்காகச் செய்வதையே விட்டுவிடச் சொல்லவில்லை. பாட்டியின் புடவையில் தைத்த பொம்மையில் ஒரு வாசனை இருக்கிறது. கடைப் பொம்மையில் அது வராது. கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையை அது குழந்தைக்குக் கொடுக்கிறது. பிரச்சினை, செய்யும் வேலை முழுவதும் ஒருத்தியின் மடியில் விழுவதுதான். நுங்கு வண்டியை நினைத்துப் பாருங்கள். தின்று முடித்த இரண்டு கூந்தல், நடுவே செருக ஒரு குச்சி, தள்ளிக்கொண்டு ஓட ஒரு கவட்டைக் கம்பு. குழந்தைகளே செய்துகொள்ளும் வண்டி அது. அம்மாவின் இரவை அது கேட்பதில்லை. ஆனால் அதைத் தெருவில் ஓட்டியவர்கள் அதிகமும் பையன்கள். பெண்பிள்ளைகள் திண்ணையில் சொப்பு வைத்துச் சோறாக்கினார்கள். நாம் மாற்ற வேண்டியது இதையும் சேர்த்துத்தான்.

நான்கு வயதுக் குழந்தையால் பஞ்சு அடைக்க முடியும். எட்டு வயதுப் பையனால் ஓட்டுத்தையல் போட முடியும். அப்பாவுக்கும் ஊசியில் நூல் கோக்க வரும். கற்றுக்கொடுத்தால் பொம்மையின் கண்ணைத் தைக்கவும் வரும். தம்பிக்குத் துணிப்பொம்மையும் அக்காவுக்கு வண்டியும் செய்து பார்க்கலாம். கைவேலைக் குறிப்பு எழுதும் தோழிகளிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அடுத்த முறை தேவையான பொருட்கள் என்று எழுதும்போது, பழைய புடவைக்கும் நூலுக்கும் கீழே இரண்டு வரி சேருங்கள். ஆகும் நேரம்: ஆறு மணி அல்லது எட்டு மணி, உண்மையில் எவ்வளவோ அவ்வளவு. செய்பவர்கள்: வீட்டில் உள்ள எல்லோரும்.