புதுக்கோட்டைப் பாணியும் அதன் அளவுகோலும்

மிருதங்கத்தில் பாணி என்று பேச்செடுத்தால் தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று இரண்டைச் சொல்வது வழக்கம். தஞ்சாவூருக்கு நாராயணசாமி அப்பா, வைத்தியநாதையர், பாலக்காடு மணி ஐயர் என்று வரிசை நீளும். புதுக்கோட்டையின் மூலபுருஷரோ கஞ்சிராக்காரர். மான்பூண்டியா பிள்ளை (மாமுண்டியா பிள்ளை என்றும் எழுதுவார்கள்) மாரியப்பத் தவில்காரரிடம் லயம் பயின்றவர். பஜனையில் தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு வாத்தியத்தில் தவில்காரர்களின் கணக்கு வழக்கையெல்லாம் ஏற்றி, அதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார்.

அந்த வாத்தியத்தைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் பாணியே புரியும். பலா மரச் சட்டம், உடும்புத் தோல், ஒரு ஜோடிக் காசு, அவ்வளவுதான். (உடும்புக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தபின் ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் புழக்கத்துக்கு வந்துவிட்டன.) உட்புறம் தண்ணீர் தடவி இறக்கினால்தான் கும்கி பேசும். ஒரு கை சட்டத்தைப் பிடித்தபடியே தோலை அழுத்திச் சுருதியை வளைக்க வேண்டும். சொற்கட்டு முழுவதும் இன்னொரு கையின் பொறுப்பு. மிருதங்கக்காரர் இரண்டு கையால் சொல்வதை இவர் ஒரு கையால் சொல்லியாக வேண்டும். இந்த நெருக்கடிதான் புதுக்கோட்டைக்காரர்களின் கணக்கைக் கூர்தீட்டியது என்பது என் எண்ணம்.

மான்பூண்டியா பிள்ளையின் சீடர்களில் தலையாயவர் தட்சிணாமூர்த்தி பிள்ளை. கஞ்சிரா, மிருதங்கம் இரண்டிலும் மேடை கண்டவர். மிருதங்கம் பெண்களுக்கு எட்டாக்கனியாக இருந்த நாளில், திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாளுக்கு அதைக் கற்பித்த குரு இவர். 1936இல் மறைந்தார். அவர் காலத்து இசைத்தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் ஓடும். பாட்டுக்கே இடம் போதாத தட்டில் தனி ஆவர்த்தனம் எங்கே ஏறும்?

ஆகவே இந்தப் பாணியை இன்று காதால் அளக்க நமக்கு வாய்த்தவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). மான்பூண்டியா பிள்ளையின் சீடரான முத்தையா பிள்ளையின் மகன். இடக்கைக்காரர். அவர் வாசிக்க வேண்டுமானால் மேடையில் வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டும்; அதற்கு இசையாதவர்கள் உண்டு. செம்பை வைத்தியநாத பாகவதர் அதைப் பொருட்படுத்தாமல் அவரைத் தம் பக்கத்தில் உட்காரவைத்தார்.

மதுரை மணி ஐயர், ஜி.என்.பி., ஆலத்தூர் சகோதரர்கள் ஆகியோருடன் பழனி வாசித்த ஒலிநாடாக்கள் ரசிகர்களிடையே இன்றும் சுற்றி வருகின்றன. புதுக்கோட்டை என்றாலே கணக்குப் புலிகள் என்று ஒரு பேச்சு உண்டு. இந்த நாடாக்களைக் கேட்டால் அது பாதி உண்மை என்று தெரியும். மதுரை மணி ஐயரின் ஸ்வரம் சர்வலகுவில் ஓடும்போது பழனி அதன்மேல் கணக்கைச் சுமத்துவதில்லை, கூடவே நடக்கிறார். தொப்பியில் கும்கி விழும் இடங்களில் அப்படியொரு குழைவு. சில இடங்களில் கை எடுத்துவிடுகிறார். அந்த மௌனமும் தாளத்துக்குள்தான் நிற்கிறது. கோர்வை எடுப்பில் வந்து விழும்போதுதான், இவ்வளவு நேரம் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது என்றே நமக்கு உறைக்கிறது. இந்தப் பாணியில் தேர்ச்சிக்கு அளவுகோல் இதுதான். விரலின் வேகத்தை மட்டும் பார்த்துக் கைதட்டும் இன்றைய சபைகளில் இந்த அளவுகோல் அருகி வருகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பழனியின் சீடர் திருச்சி சங்கரன் 1971இல் டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகப் போனார். 2011இல் சங்கீத கலாநிதி ஆனார். கஞ்சிராவை மறுபடி உச்சிக்குக் கொண்டுபோன ஜி. ஹரிசங்கர் (1958–2002) ராமநாதபுரம் முருகபூபதியிடமும் பாலக்காடு மணி ஐயரிடமும் பயின்றவர். அவர் வாசிப்பில் எந்தச் சொல் புதுக்கோட்டைச் சொல், எந்தச் சொல் தஞ்சாவூர்ச் சொல் என்று பிரித்துக்காட்டப் பலர் முயன்றிருக்கிறார்கள். எனக்கு அது முடிந்ததில்லை, முயல்வதையும் விட்டுவிட்டேன்.